நின்ற சக்கரத்தை ஓட வைத்தேன்

எங்கள் ரயில் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் ஒன்றாகப் போய்வருகிறவர்களில் யாராவது ஓய்வு பெற்றால், அவருடைய கடைசி வேலை நாளன்று பங்காருப்பேட்டை தாண்டியதும் ஒரு கேக் வெட்டி, மாலை போட்டு, நாலு போட்டோ எடுத்துத்தான் பெங்களூரில் இறக்கிவிடுவார்கள். எனக்கும் அப்படிச் செய்தார்கள். மாலையைப் போட்ட கையோடு சுகுணா கேட்டாள்:

"அக்கா, இத்தினி வருஷமா ஒரே பெட்டில வர்றோம். கம்ப்யூட்டர் வேலைன்னு தெரியும். இன்னா வேலைன்னு மட்டும் இன்னி வரிக்கும் தெரியாது. இன்னிக்காச்சும் சொல்லிட்டுப் போங்க."

"நிக்கிற சக்கரத்த ஓட வைக்கிற வேலை" என்றேன்.

பெட்டியே சிரித்தது. "அப்ப இந்த ரயில ஒரு நாளாச்சும் டைமுக்கு ஓட வச்சிருக்கலாமே" என்று கதவருகே நின்றிருந்தவர் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அதுதான் என் வேலை. விளம்பரப் படங்களில் வரும் கார், ஸ்கூட்டர், மின்விசிறி, மாவு அரைக்கும் இயந்திரம் எல்லாமே பெரும்பாலும் நிற்கும்போது எடுக்கப்பட்டவை. ஒவ்வொரு கம்பியும் துல்லியமாகத் தெரிகிற சக்கரத்தைப் பார்த்தால் வண்டி ஓரங்கட்டி நிறுத்தியிருப்பதாகத்தான் கண்ணுக்குத் தோன்றும். அந்தச் சக்கரத்தை மட்டும் போட்டோ எடிட்டிங் மென்பொருளில் வட்டமாக மங்கச் செய்தால் வண்டி ஓட ஆரம்பித்துவிடும். ஸ்டுடியோவில் அதற்கு 'ஸ்பின்' என்று பெயர். பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு மாடியில் இருந்த அந்த ஸ்டுடியோவில் ஸ்பின் என்றால் தேவகி, தேவகி என்றால் ஸ்பின்.

இப்போது ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டரே சக்கரத்தைச் சுழற்றிவிடுகிறது. நல்லதுதான். எனக்கு முதுகுவலி தந்த வேலை அது. வேறு யாருக்கும் அது வர வேண்டாம். ஆனால் ஸ்டுடியோவில் இப்போது இருக்கிற பிள்ளைகள், "மேடம், அந்த லேத் படத்தோட கதைய எழுதிக் குடுங்க, ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க" என்று விடாமல் கேட்கிறார்கள். ஒரு கதையில் நான் கோர்ட்டுக்கே போய்விட்டேனாம். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் பிறந்தவள் நான். அப்பா சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கத் தொழிலாளர்களுக்கான எங்கள் லைன் வீடுகளில் பெண் பிள்ளைகளை டீச்சர் டிரெயினிங் அனுப்புவார்கள், இல்லையென்றால் நர்ஸ் வேலைக்கு. நான் அச்சுத் தொழிலில் டிப்ளமோ படித்தேன். ஏன் படித்தேன் என்றால், அந்த வரிசையில் கூட்டம் இல்லை, இடம் கிடைத்தது. படித்து முடித்த சமயத்தில் அச்சுக்கூடங்களுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்துகொண்டிருந்தது. மற்றவர்களுக்கு முன்பே மௌஸைப் பிடித்துப் பழகிவிட்டேன். அந்த ஒரு காரணத்தால் ஸ்டுடியோவில் வேலை கிடைத்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. ஆறு மாதம் கல்யாணப் படங்களில் முகப்பருவை எடுத்தேன்.

லூசி மேடத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஸ்டுடியோவில் எந்தப் படமும் அவர் பார்க்காமல் வெளியே போகாது. குள்ளமான உருவம், எப்போதும் வெளிர் நிறக் காட்டன் புடவை, கழுத்தில் சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடி. அவர் மேசையில் கம்ப்யூட்டர் கிடையாது. படத்தைத் தாளில் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முதலில் கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பார். எழுந்து ஜன்னலோரம் போய்ப் பார்ப்பார். கடைசியாகப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். நேராகப் பார்த்தால் இது வண்டி, இது ஆள் என்று மனசு சொல்லிக் கொடுத்துவிடுமாம். தலைகீழாகப் பார்த்தால் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியுமாம். தப்பு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு கேள்வி கேட்பார். கேள்வி வந்தால் படம் திரும்பி வந்துவிட்டது என்று பொருள். கேள்வி இல்லையென்றால் ஒரே வார்த்தை, "போலாம்." அவரிடமிருந்து கிடைக்கக்கூடிய பாராட்டு அவ்வளவுதான்.

நான் முதன்முதலில் சுழற்றியது ஒரு ஸ்கூட்டர் சக்கரம். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கம்பியெல்லாம் கரைந்து, காற்றாடி மாதிரி ஆகியிருந்தது. லூசி மேடம் தலைகீழாகத் திருப்பினார்.

"தேவகி, ரூம்ல இருக்கிற லைட்டும் சக்கரத்தோட சேந்து சுத்துமா?"

எனக்குப் புரியவில்லை. "கீழ ரோட்டுக்குப் போய் ஆட்டோவப் பாத்துட்டு வா" என்றார். போய் நின்றேன். ஒவ்வொரு ஆட்டோவாகப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் விளங்கிவிட்டது. சக்கரம் சுற்றுகிறது, ஆனால் அதன் உலோகத்தில் விழும் வெயிலின் பளபளப்பு சுற்றுவதில்லை. அது மேலே எங்கே விழுந்ததோ அங்கேயே நிற்கிறது. நான் அந்தப் பளபளப்பையும் சேர்த்து வட்டமாக இழுத்துவிட்டிருந்தேன். அதனால்தான் சக்கரம் ஓடாமல், சேறு பூசினது போல இருந்தது. மாடிக்கு ஓடிவந்து மாற்றினேன். "போலாம்" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு முறை ஏற்பட்டது. சக்கரத்தைச் சுற்றி வெட்டி நகலெடுத்து, மேலே கண்ணாடித் தாள் போன்ற ஒரு தனி அடுக்கில் வைப்பேன். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் சக்கரம் வட்டமாக இருக்காது, முட்டை மாதிரி நசுங்கியிருக்கும். அதை அப்படியே சுழற்றினால் சக்கரம் நொண்டும். அதனால் முதலில் இழுத்து முழு வட்டமாக்கிக்கொள்வேன். அந்தக் காலத்து மென்பொருளில், எங்கே மையம் என்று படத்தின் மேலேயே குறித்துக் காட்ட முடியாது. ஒரு சின்னப் பெட்டியில் கோடுகள் மட்டும் தெரியும், குருட்டாம்போக்கில் நகர்த்த வேண்டும். அதற்காகச் சக்கரத்தைச் சரியாக ஒரு சதுரத்துக்குள் உட்கார வைப்பேன். அப்போது சதுரத்தின் நடுதான் சக்கரத்தின் நடு. பிறகு ஸ்பின். ஒரேயடியாக அதிகம் கொடுத்தால் சக்கரம் தட்டு ஆகிவிடும். கொஞ்சம் கொடுத்து, பார்த்து, மறுபடியும் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம். முடிந்ததும் வட்டத்தை மறுபடியும் பழைய முட்டை வடிவத்துக்கு நசுக்கிப் பொருத்துவேன். அதன்மேல் அசையாத பளபளப்பை எடுத்து வைப்பேன். வண்டியில் எது சுற்றாதோ, பிரேக், தாங்கும் கம்பி, அதையெல்லாம் மூலப் படத்திலிருந்து திரும்பக் கொண்டுவருவேன். எது சுற்றும் என்பதைவிட எது சுற்றாது என்று தெரிந்திருப்பதுதான் இந்த வேலை.

இனி லேத் படம்.

பெங்களூருக்கு வெளியே ஒரு தொழிற்சாலை. இயந்திர பாகங்கள் கடைந்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். அவர்களுக்கு ஒரு விளம்பரப் புத்தகம் தயாரிக்க வேண்டியிருந்தது. அட்டைக்கு ஒரு படம் வந்தது. இரும்பைக் கடைகிற லேத் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு தொழிலாளி சிரித்தபடி நிற்கிறார். இரும்புத் துண்டைக் கவ்விப் பிடித்துச் சுழற்றுகிற வட்டத் தகடு இருக்கிறதே, அதற்கு 'சக்' என்பார்கள். அவருடைய வலது கை அந்தச் சக்கின்மேல் படுகிற மாதிரி இருந்தது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. தொழிற்சாலையின் விற்பனைப் பிரிவு அதிகாரி போனில் சொன்னார்: "மிஷின் செத்த மாதிரி நிக்குது. ஓட வச்சுக் குடுங்க."

அந்தப் படத்தில் ஒரு வாரம் குடியிருந்தேன். சக்கைச் சுழற்றுவது கஷ்டமில்லை. அதன்முன்னால் இருந்த விரல்கள்தான் கஷ்டம். விரல் கூர்மையாக இருக்க வேண்டும். விரல்களின் இடுக்கில் தெரிகிற இரும்பு ஓட வேண்டும். ஒவ்வொரு விரலின் ஓரத்தையும் பெரிதாக்கி, பெரிதாக்கி வெட்டினேன். அவர் காதோரம் ஒரு வியர்வைத் துளி இறங்கிக்கொண்டிருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் அதைத் துடைத்துவிடலாம் என்றார்கள். நான் விட்டுவிட்டேன், அது இருந்தால்தான் அவர் வேலை செய்கிற ஆளாகத் தெரிந்தார். படம் லூசி மேடத்திடம் போயிற்று. கையை நீட்டிப் பார்த்தார், ஜன்னலில் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். "போலாம்" என்றார். பிறகு, அதுவரை யாருக்கும் செய்யாத ஒன்றைச் செய்தார். இன்னொரு பிரதி எடுத்து வரச் சொல்லித் தன் அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டார். அன்றைக்கு ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. ஊரிகம் வரை நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்ததாக நினைவில்லை.

சில மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் காலை, எனக்கு முந்தின சாம்பியன் ஸ்டேஷனிலேயே ஏறியிருந்த ஒருவர் எங்கள் பெட்டியில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கே பார்த்தேன் என்று மட்டும் பிடிபடவில்லை. உறவா, அப்பாவோடு வேலை பார்த்தவர் வீட்டுப் பிள்ளையா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எங்களோடு தினமும் வருகிற சுகுணாவின் அண்ணன் அவரை அடையாளம் கண்டு பேச்சுக் கொடுத்தார்.

"இன்னா முனிரத்தினம், முதல் வண்டிலதான போவ? இன்னிக்கு லேட்டா கீற?"

"வேலைக்கிப் போவல. விசாரணைக்கிப் போறேன். சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க."

சொல்லிவிட்டுச் சட்டைக்குள்ளிருந்து மடித்து வைத்த ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அது கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. அட்டையில் என் லேத் படம். அவரை நான் ஒரு வாரம் உற்றுப் பார்த்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்ததே இல்லை.

அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "வெளிநாட்டுலேர்ந்து சாமான் வாங்கறவங்க வந்தாங்க. இந்த அட்டையப் பாத்தாங்க. ஓடற சக்குல கை வச்சிகினு நிக்கிறான், கண்ணாடி போடல, இதான் உங்க ஃபேக்டரி சேஃப்டியான்னு கேட்டாங்க. அவ்ளோதான், என் தலையில வந்து விழுந்திச்சி. சத்தியமா சொல்றேன், மிஷின் ஆஃப்ல இருந்திச்சி. போட்டோக்காரருதான் மூஞ்சி தெரியட்டும், கண்ணாடிய கழட்டுங்கன்னாரு. கைய இங்க வைங்கன்னாரு. வச்சேன். யாருகிட்ட சொன்னாலும் அட்டையக் காட்டறாங்க. ஓடுதே, ஓடுதேன்றாங்க. என் பொண்டாட்டியே கேக்கறா. எனக்கே இப்ப சந்தேகமா கீது. ஒருவேள ஓடிச்சோ இன்னாவோ?"

"ஓடல அண்ணே" என்றேன். "நான்தான் ஓட வச்சேன்."

எந்தப் படத்திலும் எனக்கு இப்படி ஒரு நற்சான்று கிடைத்ததில்லை. லேத்திலேயே வாழ்கிறவர், தன் கை பட்ட இயந்திரம் நின்றதா ஓடியதா என்று தானே குழம்பிப்போகிற அளவுக்குச் செய்திருக்கிறேன். அந்தப் பெருமை ஒரு நொடி மனசில் எழுந்தது, பொய் சொல்ல மாட்டேன். மறு நொடி அவர் முகத்தைப் பார்த்தேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் கைகளைத்தான் பார்த்தார். "இன்னாத்துக்குமா அத்த ஓட வச்ச?" என்று கேட்டார். குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது.

"அதான் அண்ணே என் வேலை. ஓட வைக்கச் சொன்னது உங்க ஆஃபீஸ்தான். இது இப்பிடி உங்க மேல வரும்னு யாரும் நெனைக்கல. நான் வந்து சொல்றேன்."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படிச் சொல்வது? வாடிக்கையாளர் கொடுத்த படத்தில் என்ன செய்தோம் என்று வெளியே பேசக் கூடாது என்பது ஸ்டுடியோவின் முதல் விதி. அந்தத் தொழிற்சாலை எங்களுக்குத் தொடர்ந்து வேலை தருகிற இடம். ரயிலை விட்டு இறங்கி நேராக லூசி மேடம் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்ச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். வந்து உட்கார்ந்து, அந்த விற்பனை அதிகாரிக்குப் போன் போட்டார்.

அந்த அதிகாரி பேசியது எனக்கும் கேட்டது. "மேடம், அது எங்க உள் விவகாரம். போட்டோவையே மாத்தினோம்னு வெளிநாட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா எங்க புத்தகத்துல எதையுமே நம்ப மாட்டாங்க. நீங்க இதுல வர வேணாம். நமக்குள்ள இருக்கிற வேலையும் நல்லபடியா போகணும் இல்லையா?"

லூசி மேடம் போனை வைத்தார். மேசைமேல் இருந்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். அவர் போய்விடச் சொல்வார் என்று நினைத்து எழுந்தேன்.

"அடுத்த விசாரணை என்னிக்குன்னு அந்த ஆளக் கேட்டு வை" என்றார். "அன்னிக்கு நல்ல சேலையா கட்டிட்டு வா. ரெண்டு பேரும் போறோம்."

"மேடம், அவங்க வேலைய நிறுத்திட்டாங்கன்னா?"

"நிறுத்தட்டும். நம்ம படத்தால ஒரு ஆளு வீட்டுல ஒக்காரக் கூடாது."

தொழிற்சாலையில் எங்கள் மென்பொருள் இருக்காது. ஸ்டுடியோ கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போனோம். அப்போதெல்லாம் கம்ப்யூட்டரின் திரை டிவிப் பெட்டி மாதிரி கனமாக இருக்கும். அதைப் பெட்ஷீட்டில் சுற்றி லூசி மேடம் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு பெட்டி என் மடியில். வேகத்தடை வரும்போதெல்லாம் அவர் ஆட்டோக்காரரிடம், "மெல்லப்பா, மெல்ல, குழந்தை இருக்கு" என்றார். ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வாசலில் காவலர் விடவில்லை. முனிரத்தினத்தின் தரப்பில் சாட்சி சொல்ல வந்திருக்கிறோம் என்று மேடம் சொன்னதும் உள்ளே கேட்டுவந்து எங்களை விட்டார்.

தொழிற்சாலையின் விசாரணை அதிகாரி பெயர் சதாசிவா. நரைத்த மீசை, தடித்த விரல்கள். கன்னடத்துக்காரர்; தமிழும் சரளமாக வரும். அவரே சின்ன வயதில் லேத்தில் நின்றவராம். மேசைக்கு ஒரு பக்கம் முனிரத்தினம் நின்றார். மறுபக்கம் விற்பனை அதிகாரி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

நான் யார், என்ன செய்தேன் என்று சொன்னேன். சதாசிவா சார் விளம்பரப் புத்தகத்தைக் கையில் எடுத்து, அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார்.

"அம்மா, எனக்கு லேத் தெரியும். இது ஓடுற சக். இதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றேன், வாய் தவறி. லூசி மேடம் என் முழங்கையைத் தொட்டார்.

கம்ப்யூட்டரை இணைத்து, எங்களுக்கு வந்த மூலப் படத்தைத் திரையில் திறந்தேன். சக் நின்றுகொண்டிருந்தது. இரும்பைக் கவ்வும் மூன்று தாடைகளும் பளிச்சென்று தெரிந்தன. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார். அந்தக் கேள்விக்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன்.

"போட்டோக்காரர் ஒரு படம் மட்டுமா எடுத்திருப்பாரு? மிஷின் நிக்கும்போது ஒன்னு, ஓடும்போது ஒன்னு எடுத்திருக்கலாம். நீங்க காட்டுறது முதல் படம். அச்சடிச்சது ரெண்டாவது படம். அப்பிடியும் இருக்கலாமே?"

முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். லூசி மேடம் என்னைப் பார்த்தார். பதில் எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"சார், அட்டையத் திரைக்குப் பக்கத்துல பிடிங்க. அவர் காதோரம் பாருங்க. ஒரு வேர்வைத் துளி இருக்கா? இப்பத் திரையில பாருங்க."

பார்த்தார். லூசி மேடம் தன் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினார். அதை வைத்துப் பார்த்தார். அட்டையில் துளி எங்கே இருந்ததோ, திரையிலும் அங்கேயேதான் இருந்தது. அதே காது, அதே முடி, அதே இடம். பாதி மூடின அதே இமை.

"நிக்கும்போது ஒரு படம், ஓடும்போது ஒரு படம்னா அந்தத் துளி அதுக்குள்ள கழுத்துக்கு எறங்கியிருக்கும் சார். ரெண்டும் ஒரே படம்தான்."

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "சரி. எப்பிடி ஓட வச்சீங்க? எனக்குச் செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டினேன். வெட்டினேன், வட்டமாக்கினேன், சதுரத்தில் உட்கார வைத்தேன், ஸ்பின் கொடுத்தேன். கம்ப்யூட்டர் நின்று நிதானமாகக் கணக்குப் போட்டது. எல்லாருக்கும் காபி வந்தது. யாரும் குடிக்கவில்லை. திரையின் கீழே மெல்ல நகர்ந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடு முடிந்தது. வட்டத்தை நசுக்கிப் பொருத்தினேன். பளபளப்பை மேலே வைத்தேன். விரல்களை ஒரு வாரம் செதுக்கின மாதிரி செதுக்க நேரமில்லை, ஆனாலும் போதும். சக் ஓடியது.

"ஓடுதே" என்று முனிரத்தினம் முணுமுணுத்தார்.

அந்த மென்பொருளில் ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். அதை அழுத்தினால் அந்த அடுக்கு மறையும். மறுபடி அழுத்தினால் வரும். நான் சக் அடுக்கின் கண்ணை அழுத்தினேன். சக் நின்றது. அழுத்தினேன், ஓடியது. அழுத்தினேன், நின்றது. சக்கின்மேல் இருந்த விரல் அசையவில்லை. துளி அசையவில்லை. மனிதர் அப்படியே சிரித்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தடவை" என்றார் சதாசிவா சார். அவருக்கு ஆசை தீரவில்லை. கடைசியில் தானே மௌஸைப் பிடித்து ஓட வைத்தார், நிறுத்தினார்.

முனிரத்தினம் சுவரில் சாய்ந்துகொண்டார். "அப்ப நான் பைத்தியம் இல்ல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

அப்போதுதான் விற்பனை அதிகாரி வாயைத் திறந்தார். "நான்தான் சார் ஓட வைக்கச் சொன்னேன். அட்டை நல்லா இருக்கணும்னு சொன்னேன்."

"இத அன்னிக்குப் போன்லயே சொல்லியிருக்கலாம்" என்றார் லூசி மேடம். அவ்வளவுதான். பெட்ஷீட்டை உதறி, திரையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

முனிரத்தினம் அடுத்த வாரமே வேலைக்குத் திரும்பினார். நின்ற இயந்திரத்தின் படத்தைத் தொழிற்சாலைதான் ஓடுவது போல மாற்றச் சொன்னது என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு சதாசிவா சாரே எழுதினாராம். அவர்கள் ஒன்றும் குதிக்கவில்லை. அந்த அட்டையை மாற்றுங்கள் என்று மட்டும் கேட்டார்களாம். விற்பனைப் பிரிவிலிருந்து எங்களுக்கு வந்துகொண்டிருந்த வேலை நின்றது. லூசி மேடம் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. ஸ்டுடியோவில் புதிதாக ஒரு பழக்கத்தை மட்டும் கொண்டுவந்தார். ஸ்பின் கேட்டு வருகிற படத்தில் பக்கத்தில் ஆள் இருந்தால், சுழற்றுவதற்கு முன்னால், அது ஓடும்போது அந்த ஆள் அங்கே நிற்கலாமா என்று வாடிக்கையாளரைக் கேட்டாக வேண்டும். கேட்கிற பொறுப்பு என்னுடையது. பல பேர் எரிச்சல்பட்டார்கள். கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

அந்தத் தொழிற்சாலையோடு எங்கள் கணக்கு முடிந்தது என்றுதான் இருந்தேன். ஒரு நாள் சதாசிவா சார் மாடியேறி வந்தார். கையில் பழைய பாதுகாப்புச் சுவரொட்டிகள். எல்லாமே கார்ட்டூன் படங்கள். ஒரு பொம்மை மனிதன் பொம்மை இயந்திரத்தில் கையை விட்டுக்கொண்டு அலறுகிறான்.

"இதப் பாத்துப் பசங்க சிரிக்கிறாங்கம்மா. நிஜப் படமா இருந்தாத்தான் பயம் வரும். ஆனா நிஜமா ஓடுற மிஷின்ல யாரக் கைய வைக்கச் சொல்றது? அன்னிக்கு நீங்க செஞ்சதப் பாத்தப்பவே எனக்கு இது தோணிச்சு."

யாரை நிற்க வைப்பது என்று பேச்சு வந்தது. முனிரத்தினம் தானே வந்தார். "நானே நிக்கிறேன். ஒரு தபா நின்னவன்தான" என்றார். இந்தத் தடவை நானும் படமெடுக்கும் இடத்தில் இருந்தேன். மின்சார இணைப்பையே பிடுங்கச் சொன்னேன். சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றிவிட்டு, துணி சக்கின் தாடையில் சிக்குகிற மாதிரி வைத்தோம். நான் பார்க்கச் சொன்ன இடத்தைப் பார்த்து அவர் பயந்த முகம் காட்ட வேண்டும். அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. "விசாரணைய நெனச்சுக்குங்கண்ணே" என்றேன். முகம் தானாக வந்துவிட்டது.

அந்தப் படத்துக்கு நான் உழைத்த மாதிரி எதற்கும் உழைத்ததில்லை. சக்கில் சிக்கின துணியின் நுனி மட்டும் சக்கோடு சேர்ந்து சுழல வேண்டும். கைக்கு வர வர அந்தச் சுழற்சி குறைந்துகொண்டே வந்து, மணிக்கட்டில் துணி நின்றிருக்க வேண்டும். துணியை எட்டுத் துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவு ஸ்பின் கொடுத்தேன். லூசி மேடம் தலைகீழாகத் திருப்பியவர், சட்டென்று நேராக்கிக் கீழே வைத்துவிட்டார்.

"பாக்க முடியல தேவகி" என்றார். "போலாம்."

அந்தச் சுவரொட்டி ஒரு தொழிற்சாலையிலிருந்து இன்னொன்றுக்குப் போனது. அவர்களே மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். அதைத் தொடர்ந்து துளைபோடும் இயந்திரம், சாணைக் கல், ரம்பம் என்று ஒவ்வொன்றுக்கும் செய்தோம். அழகுக்கு வண்டிச் சக்கரம் ஓட்டின நான், பயத்துக்கும் ஓட்டினேன். இரண்டிலும் என் பெயர் எங்கேயும் அச்சானதில்லை.

ஓய்வுக்குப் பிறகு போன மாதம் ஒரு வேலையாகப் பக்கத்திலிருக்கிற ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்துக்குப் போயிருந்தேன். தங்கச்சி மகனுக்குச் சேர்க்கை. எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்த நேரத்தில் பட்டறையை எட்டிப் பார்த்தேன். லேத்துக்கு மேலே சுவரில் அந்தப் படம் இருந்தது. நிறம் மங்கி, மூலையில் எண்ணெய்க் கறை. பயிற்சியாளர் ஒருவர் அதைக் காட்டி மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாத்துக்கோங்க. இந்த போட்டோ எடுத்த அடுத்த செகண்ட் இந்த ஆளு கை போயிருக்கும். இன்னாத்துக்கு சொல்றேன்னா, ஒரு செகண்ட்தான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "போகல சார்" என்றேன் வாசலிலிருந்து. எல்லாரும் திரும்பினார்கள்.

"அவரு பேரு முனிரத்தினம். ரெண்டு கையும் நல்லா கீது. சாம்பியன்ல பேத்திய ஸ்கூலுக்கு சைக்கிள்ல கூட்டிகினு போறாரு."

"உங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்? மிஷின்தான் ஓடுதே."

"ஓடல சார்" என்றேன். "நல்லாப் பாருங்க. அத்த ஓட வச்சது நான்."

அவர் படத்தின் பக்கத்தில் போனார். மாணவர்கள் கூடவே போனார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பயிற்சியாளர் திரும்பினார்.

"இல்லம்மா" என்றார், உறுதியாக. "இது ஓடுது."